வெளிநாட்டில் உட்கார்ந்து வேலை பார்க்க நல்ல கஃபே தேடுவது எப்படி? பெங்களூரிலிருந்து கிளம்புமுன் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் நம் ஆட்கள் பலர் இப்போது ஒரு வாரம் விடுமுறை, இரண்டு வாரம் அங்கிருந்தே வேலை என்று அனுமதி வாங்கிக்கொண்டு பாங்காக், பாலி, ஜார்ஜியாவின் திபிலிசி, போர்ச்சுகலின் லிஸ்பன் என்று கிளம்புகிறார்கள். போய் இறங்கியதும் முதல் சில நாட்கள் கஃபே கஃபேயாக ஏறி இறங்குவதிலேயே போய்விடுகின்றன.

காரணம், திட்டமிடும் வரிசை. முதலில் டிக்கெட், அடுத்து அறை, அதற்கப்புறம் சுற்றிப்பார்க்கும் இடங்கள், கடைசியில் கஃபே. வேலையும் நடக்க வேண்டும் என்றால் இதைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் மீட்டிங் நேரம், அதற்கேற்ற ஊர், ஊருக்குள் சரியான தெரு, அந்தத் தெருவில் மூன்று நான்கு கஃபே, அப்புறம்தான் அறை. கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. இடையில் ஒன்றைத் தாண்டினால் அதன் விலையை அங்கே போய்க் கொடுக்க வேண்டியிருக்கும்.

1. மீட்டிங் நேரத்தை அந்த ஊர் மணிக்கு மாற்றுங்கள்

ஒரு தாளில் உங்கள் வாராந்திர மீட்டிங் எல்லாவற்றையும் எழுதி, பக்கத்தில் போகப்போகும் ஊரின் மணியை எழுதுங்கள். பெங்களூரில் காலை 10 மணி என்றால் பாங்காக்கில் 11.30, பாலியில் மதியம் 12.30, டோக்கியோவில் 1.30. மேற்கே போனால் திபிலிசியில் காலை 8.30. லிஸ்பனில் குளிர்காலத்தில் விடியற்காலை 4.30, கோடையில் 5.30.

அமெரிக்க கிளையன்ட் உள்ளவர்களுக்கு இந்தத் தாள் இன்னும் முக்கியம். நமக்கு இரவு 7.30 மணிக்கு உள்ள போன் கால் பாங்காக்கில் இரவு 9 மணிக்கு வரும், பாலியில் 10, டோக்கியோவில் 11. அந்த நேரத்தில் பெரும்பாலான கஃபேக்களில் நாற்காலியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அதே கால் திபிலிசியில் மாலை 6 மணிக்கு வருகிறது, லிஸ்பனில் மதியம் 2 அல்லது 3 மணிக்கு. ஆகவே பெங்களூர் டீமோடு மட்டும் பேசுகிறவர்களுக்குக் கிழக்கு வசதி, அமெரிக்காவோடு பேசுகிறவர்களுக்கு மேற்கு வசதி. ஊரை ஆசையால் தேர்ந்தெடுத்தாலும் சரி, இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

புதியவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரம் ஒரு மணி நேரம் நகரும். அமெரிக்காவில் அது மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. நம் ஊரில் நகராது. இந்தத் தேதிகளை ஒட்டிப் பயணம் இருந்தால் ஒவ்வொரு மீட்டிங்கையும் காலண்டரில் மறுபடி சரிபாருங்கள்.

2. அலுவலகத்திலும் விசாவிலும் அனுமதி

சுற்றுலா விசாவில் வேலை பார்க்கலாமா என்பதற்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. "எல்லாரும் செய்கிறார்கள்" என்பது பதில் ஆகாது. தொலைவிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கென்றே சில நாடுகள் தனி விசா வைத்திருக்கின்றன. மலேசியாவின் டிஇ ரந்தாவ் 2022 முதல் இருக்கிறது. தாய்லாந்தின் டிடிவி 2024-இல் வந்தது. ஐந்து வருடம் செல்லும், ஒரு முறை நுழைந்தால் 180 நாள் வரை தங்கலாம், 5 லட்சம் பாட் கையிருப்பு காட்ட வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் தூதரகத் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அலுவலகத்தில் மேனேஜர் சரி என்றால் மட்டும் போதாது. ஐடி டீமுக்கு நாடு, தேதி இரண்டையும் எழுத்தில் கொடுங்கள். புதிய நாட்டிலிருந்து லாகின் வந்தால் பல நிறுவனங்களின் அமைப்பு கணக்கைப் பூட்டிவிடும். அதைத் திறக்க வேண்டியவர் அப்போது பெங்களூரில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

நாட்டின் இணையக் கட்டுப்பாடுகளையும் இப்போதே பாருங்கள். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வாட்ஸ்ஆப் கால் போகாது. சீனாவில் கூகுள் மேப்ஸ், ஜிமெயில் எதுவும் திறக்காது.

3. முதலில் தெரு, அப்புறம் அறை

எங்கள் டீமில் புதிதாகக் கிளம்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது: "அண்ணா, ரூம்ல வைஃபை இருக்குன்னு போட்டிருக்கான், அது போதாதா?" போதாது. அறையின் வைஃபை இரவு எல்லாரும் படம் பார்க்கும் நேரத்தில் இழுக்கும். பட்ஜெட் அறைகளில் மேசையும் நாற்காலியும் இருப்பதே அரிது. கட்டிலில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் வேலை பார்த்தால் மூன்றாம் நாள் முதுகு பேசும்.

ஒரு ஊரில் லேப்டாப்போடு உட்காரும் கஃபேக்கள் பெரும்பாலும் ஒரு சில தெருக்களில் குவிந்திருக்கும். பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதிகள் இதற்கு நம்பகமானவை. மாணவர்கள் படிக்க வருவதால் ப்ளக் பாயின்ட்டும் பொறுமையும் இரண்டுமே அங்கே இருக்கும். தாய்லாந்தின் சியாங் மாயில் நிம்மான்ஹேமின் சாலை அப்படித்தான், பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. திபிலிசியில் பழைய சோவியத் தையல் தொழிற்சாலையை மாற்றி உருவாக்கிய ஃபாப்ரிகா வளாகத்தைச் சுற்றித் தேடலாம். பாலியில் உபுத், சங்கு இரண்டும் இதற்குப் பேர் போனவை.

சுற்றுலாச் சின்னத்துக்கு எதிரே இருக்கும் கஃபேயைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அங்கே ஒரு மேசையில் நாள் முழுக்க ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால்தான் வாடகை கட்ட முடியும்.

மூன்று கஃபேக்கள் பத்து நிமிட நடைக்குள் இருக்கும் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி அறை தேடுங்கள். பத்து நிமிடம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கஃபே நிரம்பியிருந்தால் அடுத்ததற்கு ஓடி மீட்டிங்கைப் பிடிக்க வேண்டும். கோரமங்களாவிலிருந்து இந்திராநகர் போவதற்குள் ஒரு மீட்டிங் முடிந்துவிடும் அனுபவம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. அந்த அவஸ்தையை அங்கேயும் தேடிப்போக வேண்டாம். அறையை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு எடுங்கள்.

4. மேப்பில் தேடும் முறை

அதிக நேரம் செலவிட வேண்டியது இந்தப் படியில்தான். கூகுள் மேப்ஸில் வெறுமனே கஃபே என்று தேடி, நட்சத்திரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் பரவலான தவறு. 4.8 நட்சத்திரம் காபிக்கும் கேக்குக்கும் புகைப்படத்துக்கும் கிடைத்தது. உங்களுக்கு வேண்டியது நாற்காலி, ப்ளக், நெட், சத்தம். அவற்றை இப்படிப் பாருங்கள்.

முதலில் திறக்கும் நேரம். முதல் படியில் எழுதிய தாளை வைத்து, உங்கள் முதல் மீட்டிங்குக்கு அரை மணி முன்பாவது திறக்கும் கடைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் காலை 7 மணிக்கே கஃபேக்கள் களைகட்டிவிடும். டோக்கியோவில் சங்கிலிக் கடைகள் சீக்கிரம் திறக்கும், சின்னத் தனிக்கடைகள் 10, 11 மணிக்குத்தான். திபிலிசியிலும் காலை தாமதமாகத்தான் தொடங்கும். இந்த ஒரு வடிகட்டலிலேயே பாதிக் கடைகள் போய்விடும்.

அடுத்து விமர்சனங்களுக்குள் தேடுங்கள். விமர்சனப் பகுதியில் தேடும் வசதி இருக்கிறது. வைஃபை, லேப்டாப், ப்ளக் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள், அப்புறம் அந்த ஊர் மொழியிலும் போடுங்கள். கூகுள் டிரான்ஸ்லேட்டில் மாற்றி, அந்த எழுத்திலேயே ஒட்டினால் போதும். உள்ளூர் மாணவர்கள் எழுதும் விமர்சனத்தில்தான் "ஜன்னல் பக்க வரிசையில் மட்டும் ப்ளக்" மாதிரி உருப்படியான தகவல் கிடைக்கும். ஜப்பானில் ப்ளக் உள்ள கடைகளை 'டென்கென் கஃபே' என்றே சொல்கிறார்கள், அந்தப் பெயரிலேயே தேடலாம்.

விமர்சனங்களைப் புதியது முதலில் வருமாறு மாற்றிக்கொள்ளுங்கள். லேப்டாப்பை வரவேற்ற கடை இன்று வார இறுதியில் லேப்டாப் கூடாது என்று பலகை வைத்திருக்கலாம். ஐரோப்பிய நகரங்களில் இது அடிக்கடி நடக்கிறது.

பிறகு படங்கள். கடைக்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டு, வாடிக்கையாளர்கள் எடுத்தவற்றைப் பாருங்கள். பார்க்க வேண்டியது மூன்று: மேசை முழங்கால் உயரமா, இடுப்பு உயரமா? நாற்காலிக்கு முதுகு இருக்கிறதா? பின்னால் யாராவது லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார்களா? இந்த மூன்றாவது விஷயம் படத்தில் தெரிந்தால் அதைவிட நல்ல சான்று வேறில்லை.

கடைசியாகக் கூட்ட நேர வரைபடம். மேப்ஸில் எந்த மணிக்கு எவ்வளவு நெரிசல் என்று பட்டைகளாகக் காட்டும். உங்கள் முக்கியமான கால் உச்சியில் விழுந்தால் அந்த நேரத்துக்கு வேறு கடை.

இப்படித் தேறும் கடைகளை ஒரு பட்டியலாகச் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு எழுதுங்கள்: "காலை வேலைக்கு", "கால் பேச", "சனி ஞாயிறு வேண்டாம்". அந்தப் பகுதி மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். தென்கொரியா போகிறவர்கள் கூகுள் மேப்ஸை நம்பாமல் நேவர் மேப்பை ஏற்றிக்கொள்ளுங்கள், அங்கே கூகுள் நடைவழி சரியாகக் காட்டாது.

5. திருவிழாத் தேதிகளைப் பாருங்கள்

பாலியில் நியேபி என்னும் மௌன நாளில் விமான நிலையம் உட்பட எல்லாமே மூடியிருக்கும், மொபைல் இணையமும் நிறுத்தப்படும். பெரும்பாலும் மார்ச்சில் வரும். வியட்நாமில் டெட் புத்தாண்டின்போது பல கடைகள் மூடிவிடும். தாய்லாந்தில் ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான் புத்தாண்டு. தெருவில் போகிற எல்லார் மீதும் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த நாட்களில் லேப்டாப் பையோடு வெளியே இறங்கவே வேண்டாம்.

6. பையில் என்ன இருக்க வேண்டும்

நம் ஊர் லேப்டாப் சார்ஜரின் மூன்று தடித்த உருண்டைப் பின்கள் மேலே சொன்ன ஊர்கள் எதிலும் சரியாகப் பொருந்தாது. இரண்டு மெல்லிய உருண்டைப் பின் உள்ள சார்ஜர் தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா, ஜார்ஜியா, ஐரோப்பாவின் பெரும்பகுதி எல்லாவற்றிலும் பொருந்தும். உங்கள் லேப்டாப் யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஆகுமென்றால், அப்படி இரண்டு பின் உள்ள 65 வாட் சார்ஜர் ஒன்று வாங்கிவிடுங்கள். எடையும் குறையும். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் மூன்றுக்கும் சதுரப் பின் அடாப்டர் தனியாக வேண்டும். ஜப்பானில் இரண்டு தட்டைப் பின், 100 வோல்ட். சார்ஜரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை.

எக்ஸ்டென்ஷன் பெட்டி எடுத்துப்போய்க் கஃபேயில் விரிக்காதீர்கள். தென்கொரியாவில் ஸ்டார்பக்ஸ் 2025 ஆகஸ்டில் மேசைக் கணினி, பிரிண்டர், மல்ட்டி-ப்ளக், தடுப்புப் பலகை எல்லாவற்றுக்கும் தடை போட்டதே சிலர் கடையை அலுவலகமாக்கியதால்தான்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், 100 வாட்-ஹவருக்குள் இருக்க வேண்டும். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-ஹவர், அது போதும்.

சிம் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். டேட்டாவுக்கு அந்த நாட்டு இ-சிம். நம் இந்திய எண்ணில் ரோமிங்கைச் செயல்படுத்தி, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். வங்கி ஓடிபி அதில்தான் வரும். அலுவலக லாகினுக்கு எஸ்எம்எஸ் ஓடிபி இருந்தால், கிளம்புமுன் அங்கீகார ஆப்புக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

இவற்றோடு மைக் உள்ள ஒயர் ஹெட்செட் ஒன்று. புளூடூத் சார்ஜ் தீர்ந்தாலும் அது கைகொடுக்கும்.

7. பெங்களூரிலேயே ஒரு ஒத்திகை

கிளம்புவதற்கு முந்தைய வாரம், பயணத்துக்கு எடுத்துப்போகும் அதே பையை மட்டும் எடுத்துக்கொண்டு எச்எஸ்ஆர் லேஅவுட்டிலோ இந்திராநகரிலோ ஒரு கஃபேயில் வேலை நாள் ஒன்றை முழுதாக ஓட்டுங்கள். பாதி நேரம் கடை வைஃபை, பாதி நேரம் போன் ஹாட்ஸ்பாட். எந்த ஒயர் விட்டுப்போனது, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது, அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் பொது வைஃபையில் ஏறுகிறதா என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். இங்கே மறந்த ஒயரை, மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் வாங்கிவிடலாம்.

8. போன முதல் நாள்: லேப்டாப் இல்லாமல் ஒரு சுற்று

வேலை தொடங்கும் நாளுக்கு ஒரு நாள் முன்பாவது போய்ச் சேருங்கள். பட்டியலில் உள்ள கடைகளை, நீங்கள் வேலை பார்க்கப்போகும் அதே மணியில் போய்ப் பாருங்கள். மாலையில் அமைதியாக இருக்கும் கடை காலையில் சந்தையாக இருக்கலாம்.

ஒரு காபி வாங்கி, போனிலேயே வைஃபை சோதனையை முடியுங்கள். ஃபாஸ்ட் டாட் காம் திறந்தவுடன் காட்டும் பெரிய எண் பதிவிறக்க வேகம். அதைப் பார்த்துத் திருப்தியடைந்து உட்கார்ந்துவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. கால் பேசும்போது உங்கள் முகமும் குரலும் போவது பதிவேற்றத்தில். கூடுதல் விவரத்தை அழுத்தினால் பதிவேற்ற வேகமும் தாமதமும் தெரியும். குழு வீடியோ காலுக்கு 720பி தரத்தில் 2.6 எம்பிபிஎஸ் பதிவேற்றம், 1.8 எம்பிபிஎஸ் பதிவிறக்கம் வேண்டும் என்பது ஜூமின் கணக்கு. வேகம் ஏறி இறங்கும் என்பதால் பதிவேற்றம் 5-க்குக் கீழே இருந்தால் அந்தக் கடையைக் கால் பேசுவதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதே கணக்கில் ஹாட்ஸ்பாட்டில் ஒரு மணி நேர வீடியோ கால் கிட்டத்தட்ட 2 ஜிபி சாப்பிடும். இ-சிம் பிளான் எடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

வைஃபை இணைந்தும் நெட் வரவில்லையென்றால், பெரும்பாலும் லாகின் பக்கம் திறக்காததுதான் காரணம். விபிஎன்னை அணைத்துவிட்டு முயலுங்கள். சில கடைகள் உள்ளூர் போன் எண்ணுக்கு ஓடிபி அனுப்பும். டேட்டா மட்டும் தரும் இ-சிம்மில் எண்ணே இருக்காது. கடைக்காரரிடம் கேட்டால் வேறு கடவுச்சொல் தருவார், இல்லையென்றால் அந்தக் கடை ஹாட்ஸ்பாட் கடை. பெயரின் முடிவில் 5ஜி என்று இருக்கும் வைஃபை (மொபைல் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை) வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். ரூட்டர் கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள்.

9. இடம் பிடிப்பது

காபி அரைக்கும் இயந்திரத்துக்கும் கழிப்பறைக் கதவுக்கும் பக்கத்தில் வேண்டாம். முதுகு சுவரைப் பார்த்து இருக்கட்டும், திரையில் கிளையன்ட் தகவல் இருக்கும். ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இருந்தால் வீடியோவில் முகம் கருப்பாகத் தெரியும், எதிரில் அல்லது பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போய் நாலு பேர் மேசையை எடுக்காதீர்கள்.

10. எவ்வளவு நேரம், எவ்வளவு ஆர்டர்

பெங்களூரின் தர்ஷினி ஓட்டல்களில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் ஃபில்டர் காபி குடித்துக் கிளம்பிப் பழகியவர்கள் நாம். அங்கே காபி விலையில் பாதி நாற்காலிக்கு. ஆகவே ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காபியோடு நாலு மணி நேரம் உட்காருபவர்களால்தான் லேப்டாப் தடைப் பலகைகள் வருகின்றன. அந்தச் செலவைப் பயண பட்ஜெட்டிலேயே தனியாக எழுதிவிடுங்கள்.

தைவானில் பல கடைகளில் ஒருவருக்குக் குறைந்தபட்ச ஆர்டர் தொகையும், 90 அல்லது 120 நிமிட வரம்பும் மெனுவிலேயே எழுதியிருக்கும். ஜப்பானில் ரெனுவார், கொமேதா போன்ற சங்கிலிகளில் நிதானமாக உட்காரலாம். கொமேதாவில் காலை 11 மணி வரை பானத்தோடு டோஸ்ட்டும் வரும். பெரும்பாலான ஊர்களில் மதியம் 12 முதல் 2 வரை சாப்பாட்டு நேரம். அப்போது எழுந்து இடம் கொடுத்துவிட்டு நீங்களும் சாப்பிடப் போங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டு வாங்குங்கள். ஹனோயின் புகழ்பெற்ற முட்டைக் காபியில் உண்மையாகவே முட்டை இருக்கிறது.

11. கால் பேசுவதற்கு வேறு இடம்

கஃபேயில் வேலை பார்ப்பது வேறு, கஃபேயில் பேசுவது வேறு. பாலியில் பேசினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் அமைதியான கஃபேயில் ஒரு மணி நேரம் மீட்டிங் பேசுவது பக்கத்து மேசைக்காரரை அவமதிப்பது போல. நீங்கள் பேசாமல் கேட்கும் மீட்டிங்குகளைக் கஃபேயில் வைத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டியவற்றை அறையிலோ, கோவொர்க்கிங் இடத்தில் ஒரு நாள் பாஸ் எடுத்தோ பேசுங்கள். டோக்கியோவில் ரயில் நிலையங்களுக்குள்ளேயே ஒருவர் உட்காரும் வாடகை அறைகள் இருக்கின்றன, 15 நிமிடக் கணக்கில் எடுக்கலாம். நேர்காணல், டெமோ, கிளையன்ட் எஸ்கலேஷன் எதையும் கஃபே வைஃபையை நம்பி வைக்காதீர்கள்.

எழுதவும் கோட் பார்க்கவும் அமைதி வேண்டுமென்றால் சிங்கப்பூர் போன்ற ஊர்களில் பொது நூலகம் எந்தக் கஃபேயையும் விட நல்லது. இலவசம், ஏசி, மேசை எல்லாம் உண்டு.

12. கிளம்பும்போது

கழிப்பறைக்குப் போகும்போது லேப்டாப்பை மேசையில் விட்டுப் போகாதீர்கள், உள்ளூர்க்காரர்கள் அப்படிச் செய்தாலும் சரி. சிங்கப்பூரில் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிப்பார்கள், நீங்களும் அதையே வைத்துவிட்டுப் பையை எடுத்துப் போகலாம். எழுந்து போகுமுன் ப்ளக்கைப் பாருங்கள், அடாப்டர்கள் அதிகம் தொலைவது அங்கேதான். போனிலும் லேப்டாப்பிலும் அந்த வைஃபையை மறக்கச் சொல்லுங்கள்.

அன்று மாலையே மேப் பட்டியலில் அந்தக் கடைக்கு எதிரே பதிவேற்ற வேகம், ப்ளக் இருந்த மேசை, கூட்டம் தொடங்கிய மணி மூன்றையும் எழுதி வையுங்கள். பட்டியலின் இணைப்பை டீம் குரூப்பில் போட்டால், அடுத்து அந்த ஊருக்குப் போகிறவர் நான்காம் படியை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்.